ரெஜிமென்ட் என்றால் என்ன? மெட்ராஸ் ரெஜிமென்ட்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் வீரமரணம் அடைந்தார். அன்றைய செய்திகளில் அவர் பெயரோடு இரண்டு படைகளின் பெயர்கள் வந்தன. ஒன்று ராஜ்புத் ரெஜிமென்ட், மற்றது 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ். அவரோ தமிழர், சென்னை பறங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாதமியில் பயிற்சி முடித்தவர். தமிழர் எப்படி ராஜ்புத் ரெஜிமென்ட்டில் இருந்தார்? ஒரே ஆள் எப்படி இரண்டு படைகளைச் சேர்ந்தவராக இருக்க முடியும்? அசோக சக்ரா அறிவிக்கப்பட்டபோதும் இதே குழப்பம் பலருக்கு இருந்தது.

விடை எளிது. காலாட்படை வீரன் ஒவ்வொருவனும் ஒரே சமயத்தில் இரண்டு வரிசைகளில் நிற்கிறான். இன்று அவனுக்கு உத்தரவு போடுவது யார் என்பது ஒரு வரிசை. அவனை வளர்த்தது யார், செத்தால் யார் கல்வெட்டில் அவன் பெயர் ஏறும் என்பது இன்னொரு வரிசை. ரெஜிமென்ட் என்பது இந்த இரண்டாவது வரிசை.

முதல் வரிசையை விரைவாகப் பார்த்துவிடலாம். பத்துப் பேர் கொண்டது செக்‌ஷன், அதற்கு ஒரு ஹவில்தார் தலைவர். மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் பிளாட்டூன். பெரும்பாலும் ஒரு சுபேதாரோ நாயிப் சுபேதாரோ அதை நடத்துவார், சில சமயம் புதிதாக வந்த லெப்டினன்ட். மூன்று பிளாட்டூன் ஒரு கம்பெனி, சுமார் 120 பேர், தலைவர் மேஜர். நான்கு ரைஃபிள் கம்பெனிகளோடு கனரக ஆயுதங்களுக்கு ஒரு கம்பெனியும் நிர்வாகத்துக்கு ஒரு கம்பெனியும் சேர்ந்தால் பட்டாலியன், ஏறத்தாழ 800 பேர். இதைத்தான் நம் ஊரில் பட்டாளம் என்கிறோம், வீரர்கள் தங்களுக்குள் ‘பல்டன்’ என்பார்கள். இதன் தலைவர் ஒரு கர்னல், எல்லோரும் அழைப்பது ‘சி.ஓ. சாப்’. மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட், மூன்று நான்கு பிரிகேட்டுகள் ஒரு டிவிஷன், அதற்கு மேல் கோர்.

இந்த ஏணியில் ரெஜிமென்ட்டுக்கு எங்கும் படி இல்லை என்பதைக் கவனியுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு ஏறத்தாழ இருபது பட்டாலியன்கள் உண்டு. அவை ஒரே இடத்தில் கூடி ஒரே தளபதியின் கீழ் சண்டைக்குப் போவதில்லை. ஒன்று லடாக்கில் இருக்கும், ஒன்று ராஜஸ்தானில், இன்னொன்று வடகிழக்கில். ஒரு பிரிகேட்டில் மெட்ராஸ் பட்டாலியனுக்குப் பக்கத்தில் கிரனேடியர்ஸ் என்ற வேறு ரெஜிமென்ட்டின் பட்டாலியன் நிற்கும், அதற்குப் பக்கத்தில் டோக்ரா ரெஜிமென்ட்டுடையது நிற்கும். இரண்டு மூன்று வருடத்தில் அந்தச் சேர்க்கையும் கலைந்து, பட்டாலியன் வேறு பிரிகேட்டுக்குப் போய்விடும். மாறாமல் வீரனோடு வருவது ரெஜிமென்ட் ஒன்றுதான்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ரஷ்யாவில் ரெஜிமென்ட் என்பது பல பட்டாலியன்கள் சேர்ந்து போரிடும் ஓர் அணி. நம் ராணுவத்திலேயே டாங்கிப் படையிலும் பீரங்கிப் படையிலும் ரெஜிமென்ட் என்றால் பட்டாலியன் அளவுள்ள ஒரே ஒரு அணி. இந்தக் கட்டுரை முழுக்கக் காலாட்படையைப் பற்றியது. அந்த முறை பிரிட்டனிலிருந்து வந்தது.

முகுந்த் விஷயம் இப்போது தெளிவாகிவிடும். வீரர்களைச் சில ரெஜிமென்ட்டுகள் குறிப்பிட்ட வட்டாரத்திலிருந்தோ சமூகத்திலிருந்தோ எடுக்கும். அதிகாரிகளுக்கு அந்த வரையறை கிடையாது. நாட்டின் எந்த மூலையைச் சேர்ந்தவரும் எந்த ரெஜிமென்ட்டுக்கும் போகலாம். முகுந்த் போய்ச் சேர்ந்தது ராஜ்புத் ரெஜிமென்ட். ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் என்பது பயங்கரவாத எதிர்ப்புக்கென்று 1990இல் உருவான படை. அதற்குச் சொந்தமாக ஆட்சேர்ப்பு இல்லை. மற்றப் படைகளிலிருந்து சில வருடங்களுக்கு ஆட்கள் வருவார்கள். அதன் ஒவ்வொரு பட்டாலியனுக்கும் ஒரு தாய் ரெஜிமென்ட் உண்டு. 44க்குத் தாய், ராஜ்புத். அதாவது அவர் அன்று பணி செய்த இடம் 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ், அவருடைய வீடு ராஜ்புத் ரெஜிமென்ட்.

இனி இந்த ‘வீடு’ எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் இருக்கிறது. பிறந்த வீடு என்று அதைச் சொன்னால் தவறில்லை. பட்டாலியன்கள் எங்கெங்கோ வாழ்க்கைப்பட்டுப் போனாலும், பெயர் வைப்பதும் சீர் செய்வதும் இழவு கேட்பதும் இங்கிருந்துதான். தென் மாநிலங்களிலிருந்து சேரும் இளைஞர்கள் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். துப்பாக்கி பிடிக்கக் கற்கும் அதே வாரங்களில் ரெஜிமென்ட்டின் சரித்திரத்தையும் படிக்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் தேசியக் கொடியின் முன் அவரவர் மதநூல் மீது கை வைத்து உறுதிமொழி எடுப்பதற்கு ‘கசம் பரேட்’ என்று பெயர். அன்றைக்குப் பிறகு அவர்கள் ஏதோ ஒரு பட்டாலியனுக்குப் பிரிந்து போவார்கள். இந்த எல்லாவற்றுக்கும் மேலே ‘ரெஜிமென்ட்டின் கர்னல்’ என்று ஒருவர் இருப்பார். பதவிப் பெயரில் கர்னல் என்றாலும் ஆள் பெரும்பாலும் ஜெனரல் தரத்தவர். சண்டையில் அவர் உத்தரவு எதுவும் போடுவதில்லை. குடும்பத்தின் மூத்தவராக நின்று, ரெஜிமென்ட்டின் நலனையும் மரபையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் வரலாற்றை 1758இலிருந்து எண்ணுகிறது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சென்னையைக் காக்க, தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் காலத்தில் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி உள்ளூர் ஆட்களைப் பட்டாலியன்களாகத் திரட்டிய வருடம் அது. இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படை ரெஜிமென்ட் இதுவே. குறிக்கோள் வாசகம் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து வந்தது: ‘ஸ்வதர்மே நிதனம் ஸ்ரேய’. தன் கடமையில் நின்று மடிவது மேல் என்று பொருள். போர் முழக்கம் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!’ தமிழருக்கும் மலையாளிக்கும் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பஞ்சாபிலிருந்தோ வங்கத்திலிருந்தோ வந்து சேரும் இளம் அதிகாரி, முதல் வாரத்திலேயே இதைத் தொண்டை கிழியக் கத்தப் பழகுகிறார். தான் வழிநடத்தப் போகும் ஆட்களின் மொழியில் அவர் கற்கும் முதல் வாக்கியமாகக்கூட அது இருக்கலாம்.

சின்னம் யானை. கேடயத்தின் மேல் யானை, குறுக்காக இரண்டு வாள்கள். இந்த யானைக்குப் பின்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. மரபைக் காப்பது எவ்வளவு கடினமான வேலை என்று புரிய அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1803 செப்டம்பர் 23 அன்று மகாராஷ்டிரத்தின் அசாயே என்ற ஊரருகே ஆர்தர் வெல்லெஸ்லி, சிந்தியாவும் போன்ஸ்லேயும் சேர்ந்த மராட்டியப் படையைத் தோற்கடித்தார். அவர் படையில் பெரும்பங்கு சென்னை மாகாணச் சிப்பாய்கள். அந்தப் போரில் நின்ற படைகளுக்கு யானைச் சின்னம் தரப்பட்டது. சிப்பாய்களின் தீரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் போரிட்டது ஒரு வணிகக் கம்பெனிக்காக, எதிரே நின்றது இன்னொரு இந்திய அரசு. இந்தியா குடியரசானபின் ராணுவம் இதற்கு ஒரு முடிவு கண்டது. இந்த மண்ணின் அரசுகளுக்கும் மக்களுக்கும் எதிராகப் போரிட்டுப் பெற்ற ‘பேட்டில் ஹானர்’ எனும் போர்ச் சிறப்புகளை இனிக் கொண்டாடுவதில்லை என்பதே அது. 1857இல் டெல்லியிலும் லக்னோவிலும் பெற்றவையும் இப்படித்தான் ஒதுக்கப்பட்டன. போருக்கு விழா இல்லை. யானை மட்டும் தோளிலும் தொப்பியிலும் தங்கிவிட்டது. எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. இருநூறு வருடம் தலைமுறை தலைமுறையாக அணிந்த சின்னத்தைப் பிடுங்கினால், அதை அணிந்து பிற்காலத்தில் பர்மாவிலும் காஷ்மீரிலும் மடிந்தவர்களோடும் தொடர்பு அறுந்துபோகும்.

இதே ரெஜிமென்ட்டின் இன்னொரு கிளை முற்றிலும் வேறு இடத்திலிருந்து வருகிறது. 9 மெட்ராஸ் என்ற பட்டாலியன் பழைய திருவிதாங்கூர் ராணுவத்தின் வாரிசு. தன் பிறப்பை 1704இல், பத்மநாபபுரத்தில் தேடுகிறது. 1741இல் குளச்சல் கடற்கரையில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பிற்பாடு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளித்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. இந்தியா விடுதலை பெற்று, சமஸ்தானப் படைகள் இந்திய ராணுவத்தோடு இணைந்தபோது இந்தப் பட்டாலியன் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்குள் வந்தது. கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் நிற்கும் வெற்றித் தூணில் ஜூலை 31 அன்று ராணுவம் இன்றும் மலர்வளையம் வைக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்தத் தூணை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம்.

ஆக ஒரே ரெஜிமென்ட்டுக்குள் ஐரோப்பியக் கம்பெனிக்காகப் போரிட்டவர்களும் ஐரோப்பியக் கம்பெனியை அடித்து விரட்டியவர்களும் இருக்கிறார்கள். இருவரும் இதன் முன்னோர்தாம். எதைக் கொண்டாடுவது, எதைப் பேசாமல் வைத்திருப்பது, எதை அடையாளமாக மட்டும் தொடர்வது என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். மரபு என்றால் பழையதை அப்படியே பூட்டி வைப்பது என்று நினைப்பவர்கள் இந்த உதாரணத்தை மறக்கக் கூடாது.

தொப்பி, சின்னம் போன்ற சிறு விஷயங்களுக்கா இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்களுக்கு வேலூரை நினைவூட்ட வேண்டும். 1806இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக் காலத்தில் புதிய உடை விதிகள் வந்தன. புதுவிதத் தலைப்பாகை, நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும். ஜூலை 10 விடியற்காலையில் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்களின் கிளர்ச்சி வெடித்தது. திப்பு சுல்தானின் மகன்கள் அங்கே சிறையிருந்தது முதலான வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. ஆனாலும் தீ பற்றிய இடம் உடைதான். அதில் சேர்ந்த சென்னைப் பட்டாலியன்களைக் கம்பெனி கலைத்துவிட்டது. ஒரு பட்டாலியனைத் தண்டிக்க அதன் பெயரையே இல்லாமல் செய்வது. அந்தக் காலத்துப் படைத் தலைமைக்கும் பெயரின் மதிப்புத் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மெட்ராஸ் ரெஜிமென்ட்டே ஒரு முறை இல்லாமல் போயிருக்கிறது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய பிரெடெரிக் ராபர்ட்ஸ், தென்னிந்தியர்கள் நீண்ட அமைதியில் போர்க்குணத்தை இழந்துவிட்டார்கள் என்ற எண்ணத்தோடு போனார். பிற்பாடு அவரே இந்தியாவின் தலைமைத் தளபதி ஆனார். ‘போர்க்குடிகள்’ என்று சிலரை மட்டும் பிரித்துச் சொல்லும் கொள்கை வலுப்பட்டு, ஆட்சேர்ப்பு வடமேற்குக்கு நகர்ந்தது. 1922 சீரமைப்பில் இந்தியக் காலாட்படை இருபது ரெஜிமென்ட்டுகளாகத் தொகுக்கப்பட்டபோது மூன்றாம் எண் மெட்ராஸுக்குக் கிடைத்தது. ஆனால் செலவைக் குறைக்கிறோம் என்று 1928க்குள் அதன் நிரந்தரப் பட்டாலியன்கள் எல்லாவற்றையும் கலைத்தார்கள். தென்னிந்தியச் சிப்பாய் மரபு அறுந்து போகாமல் தாங்கிப் பிடித்தது பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை. 1780இல் பிறந்த அதன் வீரர்களை இன்றும் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் அந்தப் படைக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கப் போகும் கண்ணிவெடி மீது தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர்.

இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும், 1941 முதல் மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்கள் மறுபடியும் திரட்டப்பட்டன. ‘போர்க்குணம் இல்லை’ என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பர்மாவில் சண்டை போட்டார்கள். கலைந்த பட்டாலியன்களின் எண்களும் பெயர்களும் அவர்களுக்கே தரப்பட்டன. வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி என்பது பழைய சென்னைப் படையில் ஒரு பட்டாலியனின் பெயர். இன்றைய 4 மெட்ராஸ் பட்டாலியன் அதை அடைப்புக்குறிக்குள் சுமந்துகொண்டிருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதே வாலாஜாபாத்தான்.

ராணுவப் பெயர்களில் வரும் இந்த அடைப்புக்குறிகள் வெறும் அலங்காரமில்லை. 1979இல் ஜெனரல் சுந்தர்ஜியின் முயற்சியில் மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி என்ற புதிய ரெஜிமென்ட் பிறந்தது. செங்கல்பட்டில் பிறந்தவர் சுந்தர்ஜி. கவச வண்டியில் போய்ச் சண்டையிடும் அந்தப் படைக்கு, பழைய ரெஜிமென்ட்டுகள் பலவற்றின் முதல் பட்டாலியனை எடுத்துக்கொண்டார்கள். 1 மெட்ராஸும் அப்படிப் போனது. இன்று மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் முதலாவது பட்டாலியன் கிடையாது. அந்த எண்ணை வேறு யாருக்கும் தரவில்லை. அது மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரியின் முதல் பட்டாலியனாக, ‘1 மெட்ராஸ்’ என்ற பழைய பெயரையும் விடாமல் இருக்கிறது. 1948இல் காஷ்மீரின் தித்வாலில் அது வாங்கிய பெயரும் கூடவே போயிற்று.

அந்தத் தித்வால், 1965இன் மகாராஜ்கே, 1971இன் சிராமணி, பசந்தர் நதி: சுதந்திரத்துக்குப் பின் மெட்ராஸ் ரெஜிமென்ட் பெற்ற போர்ச் சிறப்புகளில் இவை சில. ஒரு போருக்குப் பின் எந்தப் படைக்கு எந்த இடத்தின் பெயர் சேர வேண்டும் என்று ஆராய்ந்து ராணுவம் முறைப்படி அறிவிக்கும். தனி மனிதனுக்கு பரம்வீர் சக்ரா போல, படைக்கு இது. இவற்றைப் பொறித்த கொடிக்கு ‘நிஷான்’ என்று பெயர். முற்காலத்தில் புகைக்கு நடுவே தன் படை எங்கே நிற்கிறது என்று சிப்பாய் கண்டுகொள்ள அது உதவியது. இப்போது போர்க்களத்துக்கு யாரும் கொண்டுபோவதில்லை. பிரிட்டிஷ் மன்னரின் பெயரில் தரப்பட்ட பழைய கொடிகளை 1950 நவம்பர் 23 அன்று டேராடூன் ராணுவ அகாதமியின் செட்வுட் அரங்கில் மரியாதையோடு வைத்துவிட்டார்கள். அவற்றுக்குப் பதிலாகக் குடியரசுத் தலைவர் பெயரில் புதிய கொடிகள் வந்தன. சிப்பாய்களிடையே ‘நாம், நமக், நிஷான்’ என்று ஒரு வழக்கு உண்டு: பட்டாளத்தின் பெயர், தின்ற உப்பு, கொடி. எதற்காகச் சாகத் துணிகிறாய் என்ற கேள்விக்கு அவர்கள் வைத்திருக்கும் விடை இந்த மூன்று.

நாள்தோறும் இதெல்லாம் எப்படி உயிரோடு இருக்கிறது? பட்டாலியன் முகாமின் வாசலில் ‘குவார்ட்டர் கார்ட்’ இருக்கும். மிக நறுக்கான காவலர்கள் அங்கேதான் நிற்பார்கள். பட்டாலியன் பிறந்த நாளை ‘ரெய்சிங் டே’ என்று கொண்டாடும்போது ஓய்வுபெற்றவர்களும், போரில் இறந்தவர்களின் மனைவிமார்களும் ஊரிலிருந்து வருவார்கள். முதலில் நினைவுத்தூணில் மலர்வளையம், பிறகு ‘படா கானா’. அதிகாரியும் சிப்பாயும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. கம்பெனிகளுக்கும் பாசறைகளுக்கும் போர்க்களங்களின் பெயர் சூட்டுகிறார்கள். 1962 நவம்பர் 18 அன்று ரெசாங் லாவில் 13 குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் கிட்டத்தட்ட முழுவதுமாக மடிந்தது. அந்தக் கம்பெனிக்கு இன்று ரெசாங் லா கம்பெனி என்றே பெயர். அதில் சேரும் பத்தொன்பது வயதுப் பையன் தன் முகவரியாகவே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானவர் சுபேதார் மேஜர். சி.ஓ. இரண்டு மூன்று வருடத்தில் மாறிவிடுவார். சுபேதார் மேஜரோ சிப்பாயாகச் சேர்ந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பட்டாலியனிலேயே ஊறி மேலே வந்தவர். எந்த விழாவில் எது முதலில், எந்தக் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து ஆள் வருகிறது, எந்த மலையில் யார் விழுந்தார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதிகாரிகளும் அவரை ‘சாப்’ போட்டே அழைக்கிறார்கள்.

இந்த முறைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. ஒரே ஊர்க்காரர்களை ஒரே பட்டாலியனில் சேர்த்தால் உறவு இறுகும். இழப்பும் ஒரே ஊரில் போய் விழும். முதல் உலகப் போரில் பிரிட்டன், நண்பர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றாகவே பணி செய்யலாம் என்று சொல்லி ஊர்வாரியாகப் பட்டாலியன்கள் திரட்டியது. 1916 ஜூலை 1 அன்று சோம் போர்க்களத்தில் அக்ரிங்டன் என்ற சிறு நகரத்தின் பட்டாலியனில் தாக்குதலுக்குப் போனவர்கள் சுமார் 700 பேர். அரை மணி நேரத்தில் 580 பேருக்கு மேல் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். அந்த நகரத்தின் தெருக்களில் துக்கம் இல்லாத வீடே அரிதாகிவிட்டது. பிரிட்டன் அதற்குப் பின் அந்த அளவுக்கு ஆட்களை ஊர்வாரியாகக் குவிக்கவில்லை.

நம் நாட்டிலும் வட்டாரமோ சமூகமோ பார்த்து ஆள் எடுப்பது சரியா என்ற விவாதம் பழையது. 1949இல் ஜெனரல் கரியப்பா காலத்தில் உருவான கார்ட்ஸ் பிரிகேட், எல்லா மாநிலத்தவரையும் கலந்து சேர்த்த ரெஜிமென்ட். அதன் மரபும் பெருமையும் மற்றவற்றுக்குச் சளைத்ததல்ல. அதனால் ஆட்சேர்ப்பு அனைத்திந்திய அளவில் விரிந்தால் ரெஜிமென்ட் உணர்வு அழிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஒரே மொழி பேசாதவர்களும் ஒரே கதையைத் தங்கள் கதையாக ஏற்றுக்கொள்ள முடியும்.

என் கவலை காலத்தைப் பற்றியது. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தில் சிப்பாய் சேர்வது நான்கு ஆண்டுகளுக்கு. அவர்களில் 25 விழுக்காடு வரை நிரந்தரமாக்கப்படுவார்கள். அக்னிவீரர்களும் இதே மையங்களில் பயிற்சி பெற்று, இதே முழக்கத்தைக் கற்றுத்தான் போகிறார்கள். நான்கு வருடத்தில் ஒருவன் நல்ல சிப்பாயாகிவிடலாம். ஆனால் பட்டாலியனின் கதையைச் சொல்லித் தருகிறவர்கள் பதினைந்து, இருபது வருடம் ஒரே இடத்தில் இருந்த நாயக்குகளும் ஹவில்தார்களும் சுபேதார்களும்தான். அந்த நடு வரிசைக்கு இனி ஆள் வர வேண்டியது அந்த 25 விழுக்காட்டிலிருந்து. அக்னிபத்தைப் பற்றி என்ன செய்தி வந்தாலும், எத்தனை பேரை நிரந்தரமாக்கினார்கள் என்ற எண்ணை நான் முதலில் தேடுவது இதனால்தான்.